ஒரு ஆள் டிரெய்லர்

டிரெய்லருக்கு அடியிலிருந்து வெளியே வந்த வெல்டர் கையுறையைக் கழற்றிய விதத்திலேயே செய்தி தெரிந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வரும் டாக்டர்கள்தான் அப்படி மெதுவாகக் கழற்றுவார்கள் என்று மாப்பிள்ளை நினைத்திருந்தான்.

"இதுல இனிமே ஒட்டுறதுக்கு இரும்பு இல்லண்ணே. இதுவரைக்கும் ஒட்டுனதைத்தான் ஒட்டணும். நடுரோட்டுல முறிஞ்சா மேல இருக்கிற காரும் போகும், பின்னாடி வர்றவனும் போவான். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

மச்சான் சரியென்று தலையாட்டினார். அவர் வாயைத் திறக்க வைப்பதைவிடத் துருப்பிடித்த நட்டைச் சுலபமாகத் திறந்துவிடலாம்.

மச்சான் என்றால் மாப்பிள்ளையின் அக்காவைக் கட்டியவர். மச்சான் 'மாப்ளே' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பெட்ரோல் பங்கிலிருந்து பஞ்சர் கடை வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணே பாக்காம மாப்பிள்ளை ஆனவன் உலகத்துலேயே நீ ஒருத்தன்தாண்டா" என்று அக்கா சிரிப்பாள்.

தொழில், கார் ஏற்றிப் போவது. ஏலத்தில் எடுத்த கார், கைமாறிய கார், வீடு மாறிப் போகிறவர்களின் கார். முன்னால் பிக்கப், பின்னால் டிரெய்லர், டிரெய்லர் மேல் ஒரு கார். அந்தப் பழைய டிரெய்லருக்குக் கட்டாயம் இரண்டு ஆள் வேண்டும். கார் ஏறுவதற்கான சாய்பலகை இரண்டையும் இழுத்துப் போடவே இரண்டு முதுகு தேவை. பிறகு மச்சான் காரை ஓட்டி ஏற்றுவார். மாப்பிள்ளை முன்னால் நின்று இரண்டு உள்ளங்கையையும் காட்டுவான். இடது, இன்னும் கொஞ்சம், நில். மச்சான் சக்கரத்தைப் பார்க்கவே மாட்டார். அந்த உள்ளங்கைகளை மட்டும் பார்ப்பார். ஒருமுறைகூடச் சக்கரம் பலகையை விட்டு இறங்கியதில்லை.

கார் ஏறி நின்றதும் பெல்ட் போட்டு இறுக்குவது மாப்பிள்ளையின் வேலை. அதில் அவனுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. தட்டையான பெல்ட்டை நேராக இழுத்துக் கட்டினால் வண்டி ஓடும்போது காற்றில் அதிர்ந்து ஒரு ரீங்காரம் போடும். ஒரு வண்டு காதுக்குள் குடும்பம் நடத்துகிற மாதிரி. பிக்கப்பில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வரும் அக்காவுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது, தலைவலி வந்துவிடும். பெல்ட்டின் நடுவில் ஒரு திருகு கொடுத்துக் கட்டினால் சத்தம் வாயை மூடிக்கொள்ளும் என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தான். அன்றிலிருந்து நான்கு பெல்ட்டுக்கும் ஒவ்வொரு திருகு. அக்கா நிம்மதியாகத் தூங்குவாள், யார் தோள் அருகில் இருக்கிறதோ அதில் சாய்ந்துகொண்டு.

அக்கா போய்விட்டாள். போன மழைக்காலத்துக்கு முன்பு. வயிற்றுவலி என்று போனவளை ஆஸ்பத்திரி அப்படியே வைத்துக்கொண்டது. அவளை நினைத்தால் மாப்பிள்ளைக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். அதை மறைக்க அவன் இருமுவான். வீட்டில் இருமல் அதிகமாகிவிட்டது.

சாவு வீட்டில் தூரத்துச் சித்தி ஒருத்தி, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "அக்கா இருக்கிற வரைக்கும்தான் மச்சான் உறவு. இனிமே இந்தப் பையன் எங்க போவான், பாவம்." சித்திகளுக்கு வேறு வேலை இல்லை. ஆனால் சொன்னது முள் மாதிரித் தைத்துவிட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளை அந்த வீட்டின் பின்னறையில் விருந்தாளி மாதிரி இருந்தான். சாப்பிட்ட தட்டை உடனே கழுவினான். விளக்கை மறக்காமல் அணைத்தான். சொந்த வீட்டில் யாராவது விளக்கை மறக்காமல் அணைப்பார்களா?

ஒன்றே ஒன்றுதான் தைரியம் கொடுத்தது. டிரெய்லருக்கு இரண்டு ஆள் வேண்டும். பலகை இருக்கிறவரை பயமில்லை. இப்போது வெல்டர் அந்தப் பலகைக்கும் சேர்த்துத்தான் கையுறையைக் கழற்றிவிட்டான்.

மறுநாள் காலையில் மச்சான் சமையலறையில் நின்று டிரெய்லர் கடைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பின்னறைக் கதவருகே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரே ஆள் ஏத்தி இறக்குற மாதிரி இருக்கணும்," என்றார் மச்சான். "ஆமா. கூட ஆள் இல்லாம."

பொத்தானைப் போடாமல் விரல் அப்படியே நின்றது. கூட ஆள் இல்லாம. அதை அவர் சாதாரணமாகச் சொன்னார், சர்க்கரை இல்லாமல் டீ கேட்கிற மாதிரி. மாப்பிள்ளை இருமினான்.

டிரெய்லர் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய கம்பிவேலி மைதானம். திறந்தது, மூடியது, நீளம், குட்டை என்று வரிசையாக நின்றன. கடையை நடத்துகிற அம்மாவுக்கு இடுப்பில் சாவிக்கொத்து, தலைமேல் கண்ணாடி, நாக்கில் சாணை பிடித்த கத்தி.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வண்டியில ஒரு ஆளா, ரெண்டு ஆளா? மத்ததெல்லாம் அப்புறம்."

"ஒரு ஆள்," என்றார் மச்சான்.

"ரெண்டு ஆள்," என்றான் மாப்பிள்ளை, அதே நொடியில்.

அந்த அம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி இருவரையும் பார்த்தாள். "நல்ல பொருத்தம்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

முதலில் இரண்டு கார் ஏற்றும் நீள டிரெய்லரைக் காட்டினாள். இரட்டை அச்சு, நாலு சக்கரத்துக்கும் பிரேக். மாப்பிள்ளை அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டான். "மச்சான், இதைப் பாருங்க. ஒரே பயணத்துல ரெண்டு கார். டீசல் பாதி. நான் முன் காருக்குக் கட்டிக்கிட்டு இருக்கும்போதே நீங்க பின் காரை ஏத்திடலாம்." அவன் வாழ்நாளில் எதையும் இவ்வளவு புகழ்ந்ததில்லை. சக்கர மூடியைக்கூடப் புகழ்ந்தான்.

"நம்ம பிக்கப் இதை மேட்டுல இழுக்காது," என்றார் மச்சான்.

அது உண்மைதான். மாப்பிள்ளைக்கும் தெரியும். பிக்கப்புக்கு வயதாகிவிட்டது. "மேடு இல்லாத வழியாப் போவோம்," என்றான். கடைக்கார அம்மா திரும்பி நின்று சிரிப்பை விழுங்கினாள்.

அடுத்தது ஒற்றைக் கார் டிரெய்லர். சாய்பலகையே கிடையாது. ஒரு கொக்கியை விடுவித்தால் தட்டு முழுவதும் தானாகப் பின்பக்கம் சாய்ந்து தரையைத் தொட்டது. முன்னால் வடத்தைச் சுருட்டி இழுக்கும் ஒரு வின்ச். அதன் கம்பிவடத்தைக் காரில் மாட்டி, கையடக்கமான ரிமோட்டை அமுக்கினால் கார் தானே ஏறும். பாதி தாண்டியதும் எடைக்குத் தட்டு படுத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை அந்த டிரெய்லரை ஒரு மாமியார் பார்வை பார்த்தான். தட்டு மெல்லிசு என்றான். மழையில் வழுக்கும் என்றான். விளக்கு தாழ்வாக இருக்கிறது, பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது என்றான். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் நடுக்காட்டில் என்ன செய்வது என்று கேட்டான்.

"கையால சுத்துற பிடி இருக்கு," என்றாள் அந்த அம்மா.

"கை வலிக்கும்."

"ஒருதடவை ஏத்திப் பாத்துடலாமா?" என்றார் மச்சான். மைதான மூலையில் இதற்கென்றே ஒரு பழைய கார் நின்றது. டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டி அதன் பக்கம் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை வழக்கம்போல டிரெய்லருக்கு முன்னால் போய் உள்ளங்கைகளை உயர்த்தினான்.

"நீ தள்ளி நில்லு, மாப்ளே. நான் தனியாப் பண்ணிப் பாக்கணும்."

உயர்த்திய கைகளை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றால் பிடரியைச் சொறிந்தான். இன்னொன்றைச் சட்டைப்பையில் போட்டான்.

மச்சான் கம்பிவடத்தை மாட்டினார். ரிமோட்டை அமுக்கினார். கார் சமர்த்துப் பிள்ளை மாதிரி ஏறியது. தட்டு மெல்லப் படுத்தது. முன்பக்கம் எவ்வளவு பாரம் விழுகிறது என்று குனிந்து பிக்கப்பின் ஸ்பிரிங்கைப் பார்த்து, காரை இன்னும் அரையடி முன்னால் இழுத்தார். அது மாப்பிள்ளை செய்கிற காரியம். பிறகு பெல்ட்டை எடுத்தார். இத்தனை வருடத்தில் மச்சான் பெல்ட்டைத் தொட்டு மாப்பிள்ளை பார்த்ததில்லை. இப்போது சக்கரத்தில் சுற்றி, மூலை வளையத்தில் கோத்து, இறுக்குவதற்கு முன்னால் ஒரு திருகு கொடுத்தார். நிதானமாக, நான்குக்கும் ஒவ்வொன்று.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறார். கொல்லைப்புறத்தில் தனியாகப் பழகியும் இருக்க வேண்டும். உள்ளங்கையில், பெல்ட்டை இறுக்கும் ராட்செட் கடித்த தழும்பு தெரிந்தது.

அந்தத் திருகைப் பார்த்ததும்தான் மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. பலகை போகட்டும், கை காட்டுவது போகட்டும். அந்தத் திருகு அக்காவுக்காக அவன் செய்தது.

"என்னைக் கழட்டி விடணும்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, மச்சான்," என்றான். குரல் உடைந்துவிட்டது; இருமிப் பயனில்லை. "இதுக்கு ஒரு டிரெய்லர் எதுக்கு? போடான்னா போயிருப்பேன்."

கடைக்கார அம்மா கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினாள். "நான் உள்ள இருக்கேன். பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. கார்ல கீறல் விழாம பாத்துக்குங்க."

மச்சான் கையிலிருந்த ரிமோட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அதில் பேசுவதற்கும் ஒரு பொத்தான் இருந்தால் அமுக்கியிருப்பார்.

"உங்க அக்கா சொன்னது," என்றார் கடைசியில்.

மாப்பிள்ளை நிமிர்ந்தான்.

"ஆஸ்பத்திரியில. நீ மாத்திரை வாங்கக் கீழ போயிருந்தே. 'அவனை ஒரு வாரத்துக்குன்னு வரச் சொன்னேன்'னா."

அது உண்மை. மச்சானுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, பலகை இழுக்க ஆள் இல்லை என்று அக்கா போன் செய்தாள். அப்போது மாப்பிள்ளை ஒரு ஒர்க்ஷாப்பில் காருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு பையில் இரண்டு சட்டையோடு வந்தான். கை கூடியது, கட்டு அவிழ்ந்தது, பை மட்டும் திரும்பவில்லை.

"'அவன் பெயிண்ட் கடை வைக்கணும்னு இருந்தவன். என்னாலதான் உங்க வண்டிக்குப் பின்னாடி நின்னுட்டான். நான் போனதும் கடமைக்குன்னு அவனைப் பிடிச்சு வெச்சிராதீங்க'ன்னா. 'போன்னு சொன்னா கோவிச்சுக்குவான். அவன் இல்லாட்டியும் வண்டி ஓடும்ங்கிற மாதிரி பண்ணி வைங்க'ன்னா."

இவ்வளவு வார்த்தைகளை மச்சான் சேர்ந்தாற்போல் பேசி மாப்பிள்ளை கேட்டதில்லை. அவருக்கே மூச்சு வாங்கியது.

"அவ்வளவுதானா?" என்றான் மாப்பிள்ளை. அக்கா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுகிறவள் இல்லை.

"'அப்புறம் அவன் இஷ்டம்'னா."

நெடுஞ்சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துப் போனது. மாப்பிள்ளை மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான். அக்கா இருந்திருந்தால் திட்டியிருப்பாள்.

"சரி. அக்கா சொன்னா. உங்களுக்கு என்ன வேணும், மச்சான்?"

மச்சான் கட்டியிருந்த பெல்ட்டைத் தடவினார். "எனக்கு என்ன. காலையில எந்திரிச்சா பின்னறையில நீ இருமுற சத்தம் கேக்கும். அது கேட்டாத்தான் எனக்கு அடுப்பு பத்த வைக்கத் தோணும்." பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "அதுக்காக ஒரு ஆளைப் பிடிச்சு வைக்க முடியுமா?"

கல்லுளிமங்கன் என்று மாப்பிள்ளை நினைத்திருந்த மனுஷன், ஒரு இருமலைக் காதில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் பெல்ட் கட்டப் பழகியிருக்கிறார். அவனுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த வீட்டில் அப்படிப்பட்ட பழக்கம் கிடையாது. அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கடைக்கார அம்மா திரும்பி வந்தபோது மச்சான் முந்திக்கொண்டார். "மாப்பிள்ளை சொன்ன ரெண்டு கார் டிரெய்லரையே எடுத்துக்கிறோம். பிக்கப்பை அப்புறம் மாத்திக்கலாம்."

"வேண்டாம்," என்றான் மாப்பிள்ளை. "இதையே எடுக்கலாம்."

"தட்டு மெல்லிசுன்னே," என்றார் மச்சான்.

"இல்ல, கெட்டியாத்தான் இருக்கு."

"மழையில வழுக்கும்னே."

"வழுக்காதும்மா," என்று மாப்பிள்ளை அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னான், அவள்தான் குறை சொன்னவள் போல. பிறகு மச்சான் பக்கம் திரும்பினான். "ரெண்டு ஆள் வேணும்கிற வண்டியில நான் வந்தா, வேலைக்கு வர்றேன்னு அர்த்தம். நீங்களும் ராத்திரி படுத்தா, இவனைக் கடமைக்குப் பிடிச்சு வெச்சிருக்கோமான்னு யோசிச்சுக்கிட்டே கிடப்பீங்க. நானும், பலகை இருக்கிறதால வெச்சிருக்காரோன்னு யோசிப்பேன். இத்தனை நாள் அதைத்தானே பண்ணேன். இதுல அந்த வம்பே இல்ல. நான் இல்லாமலே ஓடும்."

"அப்ப நீ எதுக்கு வர்றே?"

"சும்மாதான்," என்றான் மாப்பிள்ளை.

மச்சான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மைதானத்தின் அந்தக் கோடியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். கடைக்கார அம்மா சாவிக்கொத்தைக் குலுக்கினாள். "ரெண்டு பேரும் அழுது முடிச்சா பில் போடலாம்."

முதல் சவாரி ஓடாமல் நின்ற ஒரு சின்னக் கார். மச்சான்தான் எல்லாம் செய்தார். தட்டைச் சாய்த்தார், வின்ச்சில் இழுத்தார், பெல்ட் கட்டினார். மாப்பிள்ளை பிக்கப் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் மாதிரி வேடிக்கை பார்த்தான். அப்படி நிற்பது அவனுக்கு லேசில் வரவில்லை. இரண்டு முறை கை தானாக உயர்ந்தது. இரண்டு முறையும் தலையைச் சொறிந்துகொண்டான்.

நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் பின்னாலிருந்து அந்த ரீங்காரம் கிளம்பியது. ஏதோ ஒரு பெல்ட்டுக்குத் திருகு கொடுக்க மறந்துவிட்டார். இருவரும் கேட்டார்கள். இருவரும் அறியாமலே நடு இருக்கையைப் பார்த்தார்கள். அங்கே வாடிக்கையாளர்கள் கூப்பிடும் போன் கிடந்தது. அதை எடுத்துப் பேசுவது அக்காவின் வேலை. அவள் போனபின், நீ எடு, நீங்க எடுங்க என்று அது பாதி நேரம் அடித்து அடித்தே ஓய்ந்துபோகும்.

"அவளுக்குத் தலைவலி வந்திருக்கும்," என்றார் மச்சான்.

"உங்க தலையில ஒரு குட்டும் விழுந்திருக்கும்."

மச்சான் சிரித்தார். அக்கா போனபின் முதல்முறை. ஓரம் கட்டி நிறுத்தினார். அவர் சொல்வதற்கு முன்பே மாப்பிள்ளை இறங்கிப் போய் அந்தப் பெல்ட்டைத் தளர்த்தி, ஒரு திருகு கொடுத்து இறுக்கினான். மற்ற மூன்றும் சரியாகவே இருந்தன. இருந்தாலும் ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. இந்தமுறை மாப்பிள்ளை எடுத்தான். பேசியவருக்குத் தன் காரை இன்னொரு ஊருக்கு அனுப்ப வேண்டும். எப்படி ஏற்றுவீர்கள் என்று விசாரித்தார். மாப்பிள்ளை சாயும் தட்டைச் சொன்னான், வின்ச்சைச் சொன்னான், ரிமோட்டைக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னான்.

"அப்ப ஒரு ஆள் வந்தாப் போதும், இல்லையா?" என்று கேட்டார் அவர்.

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தான். மச்சான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போதும் சார்," என்றான் மாப்பிள்ளை. "ஆனா நாங்க ரெண்டு பேர் வருவோம்."